அக்கா வீட்டு அரிப்பு

என் அக்கா இறந்த வீட்டுக்குத்தான் நான் மருமகளாகப் போனேன். இப்போது சொன்னால் பேத்திகள் முகம் சுளிக்கிறார்கள். ஐம்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் அது யாருக்கும் விநோதமாகப் படவில்லை.

எங்களுக்கு ராயக்கோட்டைப் பக்கம். அக்காவைத் தளி ரோட்டில் ஒரு ஊரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பேறுகாலத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வரவேண்டியவளுக்கு முன்னதாகவே வலி கண்டு, புருஷன் வீட்டிலேயே பெண் குழந்தை பிறந்தது. சில நாட்களில் காய்ச்சல் வந்து அக்கா போய்விட்டாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்னை அனுப்பினார்கள். கல்யாணமாகாத பெண் எத்தனை நாள் அந்த வீட்டில் சும்மா இருக்க முடியும்? வருஷம் திரும்புவதற்குள் அக்கா புருஷனான மாமாவுக்கே என்னைக் கட்டி வைத்துவிட்டார்கள்.

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. என் அம்மா அழுதுகொண்டேதான் கேட்டாள்.

"உனக்குச் சம்மதமா கண்ணு? மனசுல எதுனா இருந்தா இப்பவே சொல்லிடு."

அவள் கேட்டு முடிப்பதற்குள் தலையை ஆட்டிவிட்டேன். அவ்வளவு வேகமாக ஆட்டியிருக்க வேண்டாம் என்று அந்த நிமிஷமே தோன்றியது. குழந்தைக்காகத் தியாகம் செய்கிறாள் என்று ஊரே என்னைப் புகழ்ந்தது. எனக்குத்தான் தெரியும். அக்கா உயிரோடு இருந்தபோது லீவுக்கு அங்கே போய்த் தங்கியிருக்கிறேன். காலையில் மூடுபனி விலகாமல் கிடக்கும் அந்தக் குளிர், மொச்சை பூத்த வாசனை, சத்தம் போட்டே பேசாத மாமா. இந்த மாதிரி ஒரு வீடு எனக்கும் அமைய வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். இந்த மாதிரி வேண்டும் என்றுதான் நினைத்தேன். இதே வீடு வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் கிடைத்தது இதே வீடு.

அக்காவைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். அது என் அம்மாவும், நான் அத்தை என்று கூப்பிடும் மாமியாரும் சேர்ந்து எடுத்த முடிவு. "புள்ளைக்குத் தெரிஞ்சா ஏங்கிப் போயிடும். உன்னையே அம்மான்னு நெனைச்சி வளரட்டும்," என்றார்கள். அக்காவின் புடவைகளை அத்தை யாருக்கோ கொடுத்துவிட்டாள். நிலத்தின் கடைசியில், புங்க மரத்தடியில் அவளை அடக்கம் செய்திருந்தார்கள். அந்தப் பக்கம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது என்று சொல்லிவைத்திருந்தார்கள். நான் அக்காவின் புருஷனை முன்னே 'மாமா' என்று கூப்பிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகும் 'மாமா' என்றே கூப்பிட்டேன். அந்த ஒரு சொல்தான் மாறாமல் இருந்தது.

குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகிய சமயம். ஒரு நாள் நான் ராகிக் கூழைக் கரைத்து ஆற்றிக்கொண்டிருந்தேன். அது தத்தித் தத்தி வந்து என் முந்தானையைப் பிடித்து, என் முகத்தை அண்ணாந்து பார்த்து, "அம்மா" என்றது. பசுவோ கன்றோ கத்துவதைப் போலச் சொல்லவில்லை. என்னைத்தான் கூப்பிட்டது. அத்தை உள்ளேயிருந்து ஓடிவந்தாள். மாமா வெல்லக்கட்டியை உடைத்து எல்லோர் கையிலும் கொடுத்தார். நான் குழந்தையை வாரி எடுத்து முத்தம் கொடுத்தேன். என் வாழ்க்கையில் அதுவரை அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

அன்று சாயங்காலம் கழுத்தில் சுருக்சுருக்கென்று ஆரம்பித்தது. பிறகு முழங்கை மடிப்புகளில். எறும்பு ஏறியிருக்கும் என்று புடவையை உதறிப் பார்த்தேன். விடிந்தபோது கழுத்து செக்கச்செவேலென்று தடித்திருந்தது. சொறிந்த இடத்தில் நீர் கசிந்தது.

அதற்குப் பிறகு அது போகவே இல்லை. கொஞ்ச நாள் அடங்கும், மறுபடி கிளம்பும். எப்போது கிளம்பும் என்பது எனக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. குழந்தை என் மேல் சாய்ந்து தூங்கினால், மாமா சந்தையிலிருந்து எனக்கென்று ஏதாவது வாங்கி வந்தால், பக்கத்து வீட்டுக்காரி குழந்தையைப் பார்த்து உன் சாயல் என்று சொன்னால், அன்றைக்கே தோல் எரிய ஆரம்பிக்கும். கஷ்டம் வந்தால் உடம்பு கெடும் என்பது ஊரறிந்தது. எனக்கோ சந்தோஷம் வந்தால் கெட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

பக்கத்து வீட்டுக்காரிக்குக் கன்னடம்தான் தாய்மொழி. என் கழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் உச்சுக்கொட்டி, "பாப, பாப" என்பாள். ஐயோ பாவம் என்று இரக்கப்படுகிறாள், அவ்வளவுதான். நான் ஒவ்வொரு முறையும், பாவம் செய்தவள் என்கிற மற்ற பாவத்தையே காதில் வாங்கினேன்.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ராகி தூற்றும்போது பறக்கிற உமி என்றார்கள். கிணற்றுத் தண்ணீர் என்றார்கள். கடைசியில் அத்தைதான் செவ்வந்தியைச் சொன்னாள். வீட்டுக்குப் பின்னால் மாமா செவ்வந்தி போட்டிருந்தார். நான்தான் பூப்பறிப்பேன். அந்தச் செடியின் சாறு பட்டால் சிலருக்குக் கை தடிக்கும் என்பது உண்மைதான்.

"அதெல்லாம் இல்லீங்க அத்தை. கையில ஒண்ணுமே இல்லையே, கழுத்துலதான வருது," என்றேன்.

மாமா கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் நான் பின்பக்கம் போனபோது அவர் குனிந்து செவ்வந்திச் செடிகளை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தார். ஆயுத பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. மொட்டெல்லாம் விரியத் தயாராக இருந்தது. பாதிப் பாத்தி ஏற்கெனவே வெறும் மண்ணாகிவிட்டது.

"ஐயோ மாமா, எதுக்கு இப்படிப் பண்றீங்க? பூஜை முடியட்டுமே!"

"பூ அடுத்த வருஷமும் பூக்கும். நீ தள்ளிப் போ, காத்துல பட்டுடப் போவுது."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பிடுங்கினார். எதற்கு இவ்வளவு அவசரம் என்று எனக்குப் புரியவில்லை. பிடுங்கிப் போட்ட குவியலில் மஞ்சள் மொட்டுகள் வாடிக் கிடந்ததைப் பார்த்தபடி நின்றேன். இந்த மனுஷன் இவ்வளவு நல்லவராக இருக்க வேண்டுமா என்று தோன்றியது. இது அக்காவுக்குக் கிடைக்க வேண்டிய நல்லது. அந்த வாரம் அரிப்பு மார்புவரை இறங்கியது.

தீபாவளி கழிந்ததும் மாமா என்னைப் பெங்களூருக்குப் பஸ்ஸில் கூட்டிப் போனார். ஓசூர் போய் அங்கிருந்து வேறு பஸ். தோல் வைத்தியத்துக்கென்றே படித்த டாக்டர் ஒருவர் இருந்தார். இளவயது. கன்னடத்தில் ஆரம்பித்து, நாங்கள் விழிப்பதைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். கழுத்தையும் கையையும் விளக்கு வைத்துப் பார்த்தார். தின்பது, குளிப்பது, சோப்பு எல்லாம் கேட்டார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"மனசுல ஏதாவது கவலை இருக்காம்மா?"

மாமா என் பக்கத்தில் நின்றிருந்தார். குழந்தை அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் இல்லீங்க," என்றேன்.

புதிதாக வந்திருக்கிற களிம்பு என்று ஒரு சின்ன டியூபை எழுதிக் கொடுத்தார். அதைத் தடவிய சில நாட்களில் நடந்ததை நான் கண்ணால் பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். சிவப்பு வடிந்தது. தடிப்பு அமுங்கியது. கழுத்தில் பழைய தோல் வந்தது. அத்தை திருஷ்டி சுற்றிப் போட்டாள். களிம்பு தீர்ந்த மறுவாரம் எல்லாம் திரும்பி வந்தது, முன்னைவிட உக்கிரமாக.

மறுபடி போனோம். இந்த முறை டாக்டர் களிம்பைக் கொடுக்கத் தயங்கினார். தொடர்ந்து தடவினால் தோல் காகிதம் மாதிரி மெலிந்துவிடும் என்றார்.

"இது வெளியில இருந்து வந்த மருந்துன்னு நெனைக்காதீங்கம்மா. உங்க உடம்பே இதச் செய்யுது. கிட்னி மேல தொப்பி வச்ச மாதிரி ஒரு சுரப்பி இருக்கு. மனுஷன் பயந்தா, பதறினா, அது ஒரு நீரைச் சுரக்கும். அந்த நீருதான் இந்தக் களிம்புல இருக்கறது. வீக்கத்த அடக்கும்."

நான் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். எழுந்து வாசல்வரை வந்தவள் திரும்பிக் கேட்டுவிட்டேன்.

"அப்போ எப்பவும் பதறிக்கிட்டே இருக்கற ஆளுக்கு அந்த நீரு நெறைய சுரக்கணுமே? அவங்களுக்கு இது சீக்கிரம் ஆறணுமே, ஏங்க ஆற மாட்டேங்குது?"

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மாமாவும் பார்த்தார். "அது எங்களுக்கே இன்னும் சரியாப் புரியலம்மா," என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். பஸ்ஸில் திரும்பும்போது அத்திப்பள்ளி தாண்டியதும் மாமா என் பக்கம் திரும்பினார். பிறகு, "எப்பவும் பதறிக்கிட்டே இருக்கறது யாரு?" என்று கேட்டார். நான் குழந்தைக்குக் காற்றுப் படுகிறது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான் டாக்டரிடம் கேட்ட கேள்விக்குப் பதில் எனக்கு முதுமையில்தான் கிடைத்தது. ஓசூரில் கம்பெனிகள் வந்த பிறகு தோல் டாக்டர்களும் நிறைய வந்தார்கள். ஷிப்ட் மாறி மாறிப் போகிற பையன்கள் கையைச் சொறிந்தபடி உட்கார்ந்திருக்கும் ஒரு கிளினிக்கில், ஒரு பெண் டாக்டர் எனக்குப் பொறுமையாகச் சொன்னார். அந்தச் சுரப்பி நீருக்குக் கார்ட்டிசால் என்று பெயர். என்றோ ஒரு நாள் பதறினால் அது சுரந்து வீக்கத்தை அடக்கிவிட்டு ஓய்ந்துவிடும். தினமும் சுரந்துகொண்டே இருந்தால் தோலில் உள்ள செல்கள் அதன் சொல்லைக் கேட்பதை நிறுத்திவிடும்.

"வீட்ல நாள் பூரா கத்திக்கிட்டே இருந்தா புள்ளைங்க காதுல வாங்குமா பாட்டி? அந்த மாதிரிதான்," என்றார். அதோடு தோல் தானாகவும் சில சுரப்புகளைச் செய்யுமாம். மனசு அலைக்கழிந்தால் அவை அங்கேயே ஊறி, அரிப்பைக் கிளப்பும் செல்களை உசுப்பிவிடுமாம். தோலின் மேல்பூச்சும் பலவீனமாகி, தூசும் வியர்வையும் சுலபமாக உள்ளே இறங்குமாம். எல்லாவற்றுக்கும் சேர்த்து 'ஸ்ட்ரெஸ்' என்றார். நான் தலையாட்டினேன். அந்தச் சொல்லுக்குள் என் அக்கா இருக்கிறாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அந்த இரண்டாவது முறைக்குப் பிறகு பெங்களூர் டாக்டரிடம் போவதை நிறுத்திவிட்டோம். தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு, கழுத்தை முந்தானையால் மூடிக்கொண்டு நாட்களைத் தள்ளினேன். குழந்தை வளர்ந்தது. நன்றாகப் பேச ஆரம்பித்தது. எனக்கு ஒரு குழந்தை பிறக்கவில்லையே என்று அத்தை முணுமுணுத்தாள். எனக்கு அதில் கவலையே இல்லை. உள்ளூர அதுதான் நியாயம் என்றுகூட நினைத்தேன்.

ஒரு மத்தியானம் நான் மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த குழந்தை தன் முழங்கை மடிப்பைப் பரபரவென்று சொறிந்துகொண்டிருந்தது. மொச்சைத் தோலால் அரிக்கிறதோ என்று கையை இழுத்துப் பார்த்தேன். தடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை. நல்ல தோல். அதில் நகம் கீறிச் சிவப்புக் கோடுகள் மட்டும் இருந்தன.

"எதுக்குச் சொறியற? அரிக்குதா?"

"இல்ல."

"பின்ன என்னாத்துக்கு?"

"அம்மான்னா இப்படித்தான சொறியணும். நான் அம்மா வெளையாட்டு வெளையாடறேன்."

முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்கள். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வரப்பு வழியாகப் புங்க மரத்துக்கு நடந்தேன். நல்ல வெயில். மரத்தடியில் மட்டும் நிழல் இருந்தது. மேட்டின் மேல் புல் முளைத்திருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று நான் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை.

"பாப்பா, இங்கதான் உங்கம்மா இருக்காங்க."

குழந்தை சுற்றும்முற்றும் பார்த்தது. "நீ இங்க இருக்கியே?"

"நான் உங்கம்மாவோட தங்கச்சி. உன்னப் பெத்தவங்க எங்க அக்கா. உன்னப் பெத்துட்டு அவங்களுக்குக் காய்ச்ச வந்து செத்துப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் உன்ன நான் வளக்கறேன்."

"அவங்களுக்கு என்னத் தெரியுமா?"

"தெரியும். உன்ன மடியில வச்சிப் பாத்தாங்க."

குழந்தை கொஞ்ச நேரம் புல்லைப் பிடுங்கியது. "எனக்குத் தங்கச்சி இருக்கா?" என்று கேட்டது.

"இல்ல."

"நான் செத்துட்டா அப்போ என் பாப்பாவ யாரு வளப்பாங்க?"

நான் அழுதுவிட்டேன். அக்கா இறந்தபோது சரியாக அழாதவள் அன்று அந்த மேட்டில் உட்கார்ந்து சத்தமாக அழுதேன். குழந்தையும் பயந்து அழுதது. சத்தம் கேட்டு ஏர் ஓட்டிக்கொண்டிருந்த மாமா ஓடிவந்தார்.

விஷயம் புரிந்ததும் அவர் முகம் கறுத்தது. முதலும் கடைசியுமாக அன்றுதான் என்னிடம் குரலை உயர்த்தினார்.

"உனக்கு அறிவு இருக்கா? பச்சப் புள்ளைக்கு இதெல்லாம் சொல்லலாமா? இத்தன வருஷமா நான் வாயக் கட்டிக்கிட்டு இருந்தது எதுக்கு?"

"எதுக்கு மாமா இருந்தீங்க?"

"உனக்காகத்தான். அவ பேச்செடுத்தா உனக்குச் சங்கடமா இருக்குமின்னுதான்."

"நான் உங்களுக்காகத்தான் பேசாம இருந்தேன். இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து அவளோடத எல்லாம் நான் திருடி அனுபவிக்கற மாதிரி இருக்குது மாமா. புள்ள அம்மான்னு கூப்பிட்ட அன்னிக்கித்தான் எனக்கு இது வந்துது."

கழுத்தைக் காட்டினேன். அவர் மரத்தில் சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டார். புல் மேட்டைப் பார்த்தபடி பேசினார்.

"அவளுக்குக் காய்ச்ச வந்தப்ப பால் கட்டினதால வர்ற காய்ச்சன்னு எங்கம்மா சொன்னா. நானும் சரின்னு இருந்துட்டேன். வண்டி கட்டி ஓசூருக்குக் கொண்டு போவலாம்னு தோணிச்சி. நாளைக்குப் பாக்கலாம்னு இருந்துட்டேன். உன் ஒடம்பு செவந்து எரியறதப் பாக்கறப்பல்லாம் எனக்கு அவளத் தொட்ட சூடுதான் ஞாபகம் வரும். இந்தத் தடவையும் உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கக்கூடாதுன்னுதான் செவ்வந்தியப் புடுங்கினேன்."

குழந்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. மாமா அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். மூவருமாக வீட்டுக்கு நடந்தோம்.

அந்த மழைக்காலத்தில் என் தோல் அடங்கியது. களிம்பு இல்லாமலே அடங்கியது. முதலில் மார்பு, பிறகு கழுத்து. முழங்கை மடிப்பில் மட்டும் ஒரு சொரசொரப்பு நின்றுவிட்டது. ஒரேயடியாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். நான் கருவுற்றபோது வந்தது. மகளைக் கட்டிக் கொடுத்தபோது வந்தது. மாமா போனபோது உடம்பு முழுக்க வந்தது. ஆனால் அந்தப் பழைய உக்கிரம் திரும்பவில்லை. வீட்டில் அக்காவைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். அவள் களி கிண்டினால் அடி பிடிக்கும் என்று அத்தையே சொல்லிச் சிரித்தாள்.

இதோடு கதை முடிந்திருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். என் தோல் ஆறிக்கொண்டிருந்த அதே நாட்களில் குழந்தை சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குக் கொஞ்சம் தலைவலி என்றாலும், "காய்ச்சலா? காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். கிணற்றடிக்குப் போனால் கூடவே வரும். பக்கத்து வீட்டுக்காரிக்குப் பிள்ளை பிறந்தபோது, "இவங்களும் செத்துப் போயிடுவாங்களா?" என்று எல்லோர் எதிரிலும் கேட்டுவிட்டது. அந்தப் பயம் தெளிவதற்கு ஒரு வருஷத்துக்கும் மேலாயிற்று. என்னை 'அம்மா' என்றும் 'சின்னம்மா' என்றும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டது. எந்த நாளில் எதைச் சொல்லும் என்று எனக்குத் தெரியாது.

சுமந்துகொண்டிருந்ததை இறக்கி வைத்தேன் என்றுதான் நினைத்தேன். ஒரு சின்னக் குழந்தையின் தலையில் இறக்கி வைத்தேனோ? அதற்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொன்னேனா, என் எரிச்சல் தாங்காமல் சொன்னேனா? இரண்டும்தான் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். எது எவ்வளவு என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

போன வருஷம் மூத்தவள் வந்திருந்தாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது துணிந்து கேட்டேன். "புங்க மரத்தடியில உனக்குச் சொன்னேனே, அப்ப ரொம்பப் பயந்துட்டியா கண்ணு?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "எந்தப் புங்க மரம்? எனக்கு அது ஞாபகமே இல்லம்மா. எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்லேருந்து ரெண்டு அம்மான்னு தெரியும், அவ்வளவுதான்," என்றாள். பிறகு, "ஆனா ஒண்ணு. என் முதல் பிரசவத்தப்ப நான் செத்துத்தான் போவேன்னு நெனைச்சிருந்தேன். ஏன்னு தெரியல. யார்கிட்டயும் சொல்லல," என்று சொல்லிவிட்டுக் கீரைத் தண்டை ஒடித்தாள்.

நான் கீரையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அவள் கவனிக்கவில்லை. தன் பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.